ராட்டினத்தில் பிள்ளையைத் தனியே ஏற்றலாமா?

"ஏக்! ஏக் கோயீ ஹை?"

கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் புறப்படும் மேடை. வண்டியை இயக்குபவர் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டிக் கூவுகிறார். வண்டி நிரம்பிவிட்டது. ஒரே ஓர் இருக்கைதான் காலி. தனி ஆள் யாராவது உண்டா என்று கேட்கிறார். வரிசையில் நிற்பவர்களோ ஜோடி ஜோடியாக, குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். அவர்கள் நடுவே பத்து வயதுப் பையன் ஒருவன் தந்தையின் முகத்தை அண்ணாந்து பார்க்கிறான்.

"அப்பா, நான் போகட்டுமா?"

தந்தை அவன் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். "சும்மா நில்லுல. சேர்ந்துதான் போகணும்."

இருக்கை காலியாகவே போகிறது. பையன் முகம் வாடிவிடுகிறது. மே மாத விடுமுறையிலும், தீபாவளி விடுமுறையிலும், மும்பையைச் சுற்றியுள்ள பூங்காக்களில் திரும்பத் திரும்பக் காணக்கூடிய காட்சி இது.

அந்தத் தந்தை செய்தது சரியா? பிள்ளையைத் தனியே ஏற்றி அனுப்புவது பொறுப்பற்ற செயலா? அல்லது கூடவே உட்கார்ந்துகொண்டால் பிள்ளை பத்திரம் என்று நினைப்பதுதான் தவறா? பல பெற்றோர்கள் நினைத்துக்கொண்டிருப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது உண்மை.

ஒற்றை ஆள் வரிசை

பெரும்பாலான சவாரிகளில் இருக்கைகள் இரண்டு இரண்டாக அமைந்திருக்கின்றன. குடும்பங்களோ மூன்று பேராகவும் ஐந்து பேராகவும் வருகின்றன. இருவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் மூன்றாமவர் தனியே உட்கார வேண்டும். அவர் பக்கத்து இடம் காலியாகப் போகும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி புறப்பட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு இடம் காலியாகப் போனால், ஒரு மணி நேரத்தில் அறுபது பேர் ஏறியிருக்க வேண்டிய இடம் வீணாகிறது. வெயிலில் நிற்கும் கூட்டத்துக்கு இது சிறிய கணக்கு அல்ல.

அமெரிக்காவில் உள்ள பெரிய பூங்காக்கள் இதற்கு ஒரு வழி கண்டன. தனியே உட்காரச் சம்மதிப்பவர்களுக்கென்று ஒரு தனி வரிசை. எந்த வண்டியில் ஓர் இடம் காலியோ, அந்த வரிசையில் முதலில் நிற்பவர் அதில் ஏறிக்கொள்ளலாம். பொது வரிசையில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டிய சவாரிக்கு இதில் பெரும்பாலும் சீக்கிரமே இடம் கிடைத்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: குடும்பமாகச் சேர்ந்து உட்கார முடியாது. ஆளுக்கொரு வண்டி; பக்கத்தில் முன்பின் தெரியாதவர்.

இங்கேதான் பிள்ளைகளின் பிரச்சினை வருகிறது. நேரத்தை மிச்சப்படுத்த எட்டு வயதுப் பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்தலாமா என்று அந்த நாட்டுப் பெற்றோர்களும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பூங்காக்கள் இதைப் பெற்றோர் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடவில்லை. கலிஃபோர்னியாவில் 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டில், ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தனியே சவாரி ஏற முடியாது; 14 வயது நிரம்பிய ஒருவராவது உடன் இருக்க வேண்டும். யுனிவர்சல் பூங்காக்களில் வயதைவிட உயரமே பேசுகிறது. பல சவாரிகளில் 48 அங்குலம், அதாவது ஏறக்குறைய 122 சென்டிமீட்டர், எட்டாத பிள்ளைக்குத் துணை வேண்டும். துணை வேண்டிய பிள்ளைக்கு ஒற்றை ஆள் வரிசையில் இடமில்லை.

அந்த விதிகள் கேட்பது இரண்டே கேள்விகள். பிள்ளையின் உடம்பு அந்த இருக்கைக்குப் பொருந்துமா? சொன்னதைப் புரிந்துகொண்டு அப்படியே நடக்கும் பக்குவம் வந்துவிட்டதா? அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

அப்பாவின் கை என்ன செய்யும்?

பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, தோளைச் சுற்றிக் கையைப் போட்டுப் பிடித்துக்கொண்டால் போதும் என்று தந்தைமார்கள் நம்புகிறார்கள். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் இயந்திரத்துக்கு அன்பு தெரியாது.

வேகமான சவாரி ஒன்று வளைவில் திரும்பும்போது உடம்பின் மீது விழும் விசை, எடையைப் போல் மூன்று மடங்காக இருக்கலாம். 25 கிலோ எடையுள்ள பிள்ளை அந்தக் கணத்தில் 75 கிலோ மூட்டையைப் போல இழுக்கும். தன் உடம்பையே நிலைநிறுத்த முடியாமல் பக்கவாட்டில் சாய்கிற தந்தை, ஒரு கையால் அதைத் தாங்கிவிட முடியுமா? முடியாது. பிள்ளையைக் காப்பது இருக்கையும், மடி மீது இறங்கும் கம்பியும், தோள்பூட்டும், வார்ப்பட்டையும்தான்.

இன்னும் ஒரு செய்தி பலரைத் திடுக்கிட வைக்கும். சில சவாரிகளில் ஒரு பெஞ்சில் உட்காரும் இருவருக்கும் மூவருக்கும் சேர்த்து ஒரே கம்பிதான். 'கொலம்பஸ்' என்று ஊரில் சொல்லும் ஊஞ்சல் கப்பல் பலவற்றில் இப்படித்தான். அந்தக் கம்பி கீழே இறங்கும்போது முதலில் எதைத் தொடுகிறதோ அங்கே நின்றுவிடும். பருத்த தொடையுள்ள பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் தொடையில் நின்றுவிடும். பக்கத்தில் ஒல்லியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி! கப்பல் உச்சிக்குப் போய் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும் கணத்தில், அந்த ஒரு சாண்தான் ஆபத்து.

அப்பாவுடன் சேர்ந்து உட்கார்ந்ததாலேயே பிள்ளைக்குக் கம்பி பிடிப்பு இல்லாமல் போகிறது. தனக்கென்று தனிப்பூட்டு உள்ள இருக்கையில் தனியே உட்காரும் பிள்ளை, பெரியவருடன் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளையைவிடப் பத்திரமாக இருக்கலாம். ஆகவே பெற்றோர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைக்குப் பக்கத்தில் யார் என்பதை அல்ல. பிள்ளையின் மடியில் கம்பி படிந்திருக்கிறதா என்பதை.

மேளா ராட்டினம் வேறு

இதைப் படித்துவிட்டு எந்த ராட்டினத்திலும் பிள்ளையைத் தனியே ஏற்றலாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பூங்கா வேறு; மேளா வேறு.

மும்பைத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு ராட்டினம் என்றால் கேளிக்கைப் பூங்கா அல்ல. 2013இல் கோப்போலி அருகே திறந்த இமேஜிகாவுக்கு ஒரு குடும்பம் போய்வர ஆகும் செலவை நினைத்தாலே தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பலருக்கு ஆசை அடங்கிவிடும். அவர்களுக்கு வாய்ப்பது டிசம்பரில் பத்து நாள் நடக்கும் மாகிம் தர்கா உரூஸ். செப்டம்பரில் பாந்திரா மாதா கோயில் திருவிழா. நவராத்திரிக்கும் கணபதிக்கும் மைதானங்களில் முளைக்கும் மேளாக்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடையில் ஏறிய ராட்டினத்தின் நினைவோடு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் போகிறார்கள்.

இந்த ராட்டினங்கள் லாரியில் வந்து இறங்குபவை. ஓர் இரவில் பூட்டி, பத்து நாள் ஓட்டி, மீண்டும் கழற்றிக்கொண்டு போகிறவை. பல ஜயன்ட் வீல்களின் தொட்டிலில் மடிக்கம்பியும் கிடையாது, வார்ப்பட்டையும் கிடையாது. வாசலில் ஒரு சங்கிலி அல்லது ஒரு கம்பி, அவ்வளவுதான். உச்சியில் நிற்கும்போது பிள்ளை பயந்து எழுந்து நின்றால் உட்கார வைக்க ஆள் வேண்டும். இயந்திரம் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளாத இடத்தில் மனிதர்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே மேளாவின் ராட்டினத்தில் சிறு பிள்ளையைத் தனியே ஏற்றவே கூடாது. பெரியவர் ஏற முடியாவிட்டால் பிள்ளையும் ஏற வேண்டாம்.

இயந்திரமே முறிந்து விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் ஊசல் போல ஆடும் ராட்டினம் முறிந்து விழுந்ததில் உயிர்கள் போயின. 2022 செப்டம்பர் 4 அன்று மொகாலி கண்காட்சியில் ஆட்களை உயரே தூக்கிச் சென்ற ராட்டினம் அப்படியே தரையில் வந்து மோதிப் பலர் காயமடைந்தனர். இத்தகைய விபத்தில் தனியே ஏறியவர், துணையோடு ஏறியவர் என்ற பேதம் இல்லை. அது பெற்றோரின் பொறுப்பைத் தாண்டியது. உரிமம் கொடுப்பவர்களின் பொறுப்பு. மேளாக்களுக்கும் கேளிக்கைகளுக்கும் போலீஸ் உரிமம் வேண்டும் என்பது மராட்டிய மாநிலத்தில் 1960ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. உரிமம் வாங்கியிருக்கிறார்களா, இயந்திரத்தைப் பொறியாளர் பார்த்தாரா என்று கேட்கும் உரிமை பத்து ரூபாய் டிக்கெட் வாங்குபவருக்கும் உண்டு. கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

இறங்கும் வாசல்

சரி, இருக்கை சரியாக இருக்கிறது. பிள்ளைக்கு உயரமும் இருக்கிறது. பையன் தனியே ஏறிவிட்டான். ஆபத்து முடிந்ததா? இல்லை. உண்மையான ஆபத்து சவாரி முடிந்த பிறகு தொடங்குகிறது.

ஏறும் வாசல் ஒரு பக்கம், இறங்கும் வாசல் இன்னொரு பக்கம். பெரும்பாலான சவாரிகளின் அமைப்பு அப்படி. பையன் மூன்று நிமிடத்தில் இறங்கி வெளியே வந்துவிடுவான். அப்பா இன்னும் வரிசையிலேயே நிற்பார். பையன் சுற்றுமுற்றும் பார்ப்பான். அப்பாவைத் தேடி ஏறும் வாசலுக்கு ஓடுவான். அதற்குள் அப்பா சவாரியை முடித்துவிட்டு இறங்கும் வாசலுக்கு வந்திருப்பார். ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் ஒரு பிள்ளை காணாமல் போக இவ்வளவு போதும்.

ரோலர் கோஸ்டரில் தனியே விடப் பயப்படும் பெற்றோர் இந்த வாசலைப் பற்றி யோசிப்பதே இல்லை. யோசிக்க வேண்டியது இதைத்தான். பிள்ளை தனியே ஏறுவதானால், பெரியவர்களில் ஒருவர் ஏறாமல் இறங்கும் வாசலில் நிற்க வேண்டும். ஏறும் முன்பே அந்த வாசலைப் பிள்ளைக்கு நேரில் காட்டிவிட வேண்டும். "இறங்கினதும் இந்தத் தூண்கிட்டயே நில்லு. நான் வர்ற வரைக்கும் நகராதே" என்று இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும். நிற்க ஆளில்லையா? இரண்டு பெரியவர்களும் ஏறியே ஆக வேண்டுமா? அப்படியானால் அன்று பிள்ளையைத் தனியே அனுப்ப வேண்டாம்.

தாய் தந்தையின் செல்பேசி எண் பிள்ளைக்கு மனப்பாடமாக வேண்டும். எண்ணை எழுதிச் சட்டைப் பையில் வைப்பது நல்லதுதான். ஆனால் காகிதம் தண்ணீர்ச் சவாரியில் நனைந்துவிடும், மனத்தில் இருப்பது நனையாது. ஆதரவின்றித் தவிக்கும் பிள்ளைகளுக்கான 1098 என்ற எண்ணையும் சொல்லித்தர வேண்டும். இந்தச் சேவை 1996இல் இதே மும்பையில் டாடா சமூக அறிவியல் கழகத்தின் முயற்சியாகப் பிறந்தது. இன்று அரசின் பொறுப்பில் நடக்கிறது. வழி தவறினால் சீருடை அணிந்த ஊழியரிடமோ, குழந்தையோடு நிற்கும் ஒரு தாயிடமோ போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பலம் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும். ரேஷன் கடையிலும் சயான் ஆஸ்பத்திரியிலும் அம்மாவுக்காகப் பேசுவது பல வீடுகளில் பிள்ளைதான். ராட்டினத்தின் முன்னால் தொங்கும் எச்சரிக்கைப் பலகையை அம்மாவால் படிக்க முடியாவிட்டால் பிள்ளை படித்துச் சொல்லட்டும். உயரம் எவ்வளவு, இதய நோய்க்காரர் ஏறலாமா, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று அவனே வாய்விட்டுப் படிக்கட்டும். தானே படித்துச் சொன்ன விதியைப் பிள்ளை சுலபத்தில் மீறாது.

பெண் பிள்ளைகள்

ஒற்றை இருக்கையில் ஏற்றுவது என்றால் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உட்காருவார். பெண் குழந்தை வைத்திருக்கும் தாயின் மனத்தில் எழும் பயம் இதுதான். பலர் அதை வெளியே சொல்வதில்லை. "அவளுக்குப் பயம், அவ ஏற மாட்டா" என்று வேறு காரணம் சொல்லிவிடுகிறார்கள்.

பயம் நியாயமானது. அதற்குப் பரிகாரம் கேட்பதும் நியாயமானது. பெண் பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெண்ணையோ இன்னொரு பிள்ளையையோ உட்கார வைக்கும்படி இயக்குபவரிடம் தாராளமாகக் கேட்கலாம். முடியாது என்றால் அடுத்த வண்டிக்கு நிற்கலாம். யாராவது தகாத முறையில் தொட்டால் சத்தம் போட வேண்டும், இறங்கியதும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் பூங்காவுக்குள்ளும் செல்லும்.

இத்தனைக்கும் வழியிருக்க, அண்ணன் மூன்று முறை ஏறி இறங்கும்போது தங்கை கீழே நின்று பையையும் செருப்பையும் காத்துக்கொண்டிருப்பது எந்த நியாயத்தில் சேரும்? பாதுகாப்பு என்ற பெயரில் பெண் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் காவல் வேலைதான். அவள் ஏறட்டும், அண்ணன் ஒரு முறை பையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

மறுபுறம், பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "ஆம்பளைப் பய இப்படிப் பயப்படலாமா?" என்று கேலி பேசி ஏற்றி அனுப்பும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பயந்த பிள்ளை பாதி வழியில் பூட்டைக் கழற்றப் பார்க்கும்; எழுந்து நிற்கப் பார்க்கும். கொடுத்த டிக்கெட் பணம் வீணாகிறதே என்று பிள்ளையை வற்புறுத்துவது, பணத்தைக் காப்பாற்றப் பிள்ளையைப் பணயம் வைப்பதாகும்.

அப்பா வந்த ரயில்

அந்தத் தந்தையிடம் திரும்புவோம். அவர் ஏன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்?

இந்த நகரத்தின் தமிழர் வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு அது புரியாத புதிர் அல்ல. பன்னிரண்டு, பதினான்கு வயதில், கையில் ஒரு விலாசச் சீட்டோடு மட்டும் ரயிலேறி வந்தவர்கள் இங்கே ஏராளம். தாதர் ஸ்டேஷனில் இறங்கி, பாஷை தெரியாமல், விலாசத்தை ஒவ்வொருவரிடமாக நீட்டி நீட்டித் தாராவிக்கு வழி கேட்டவர்கள். தோல் பட்டறையிலும் இட்லிக் கடையிலும் தங்கிப் படுத்து எழுந்தவர்கள். அவர்களை யாரும் இறங்கும் வாசலில் நின்று எதிர்பார்க்கவில்லை. தனியாக விடப்படுவது என்றால் என்ன என்பது அவர்களுக்கு நெஞ்சில் தைத்த முள். தன் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை.

"நான் அந்த வயசுல தனியா ரயிலேறி வந்தேன், இவனுக்கு என்ன?" என்று நேர்மாறாகப் பேசுகிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் ஒரே இடத்தில் பிசகுகின்றன. தனியே விடுவது வேறு, தவிக்க விடுவது வேறு. அன்று அந்தச் சிறுவன் தவிக்க விடப்பட்டான். இன்று அவன் பிள்ளையைத் தனியே விடலாம். ஏனென்றால் இறங்கும் இடத்தில் அப்பா நிற்கிறார்.

என்றைக்கோ ஒரு நாள் அந்தப் பிள்ளை தனியே லோக்கல் ரயிலில் ஏறியாக வேண்டும். விரார் வண்டியின் நெரிசலில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டார். கல்லூரிக்கோ வேலைக்கோ வேறு ஊருக்கும் போகலாம். அதற்கு முதல் பாடம், மூன்று நிமிடச் சவாரியாக இருந்துவிட்டுப் போகட்டும். பூட்டு இருக்கிறது, ஊழியர் இருக்கிறார், முடியும் இடம் தெரிகிறது. பிள்ளையைத் தனியே பழக்க இதைவிடப் பத்திரமான இடம் இந்த நகரத்தில் எத்தனை இருக்கிறது?

ஆகவே அடுத்த முறை இயக்குபவர் ஒற்றை விரலைக் காட்டும்போது, பெற்றோர் உடனே தலையாட்டவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். இருக்கையைப் பார்க்கட்டும். உயரப் பலகையைப் பார்க்கட்டும். பிள்ளையின் முகத்தைப் பார்க்கட்டும். மூன்றும் சம்மதம் சொன்னால் பிடித்த கையை விட்டுவிட்டு, வேகமாக நடந்து போய் இறங்கும் வாசலில் நிற்கட்டும்.

காற்றில் கலைந்த தலையோடு பிள்ளை ஓடி வரும்போது, அது முதலில் பார்க்கும் முகம் அப்பாவுடையதாகவோ அம்மாவுடையதாகவோ இருக்க வேண்டும். அது ஒன்றை உறுதி செய்துகொண்டால், தனி இருக்கையைக் கண்டு பயப்படத் தேவையில்லை.